வேகமும் விவேகமும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுக் கணினியை அதற்கு விதிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓடச் செய்வதை 'ஓவர்குளொக்கிங்' என்பர். அதனால் நமக்குப் பயனுண்டா என்பதே இன்றைய பொருள்.

ஒரு காலத்தில் பெரும்பயன் இருந்தது. 1998இல் இன்டெல் நிறுவனம் 'செலரோன் 300ஏ' என்னும் மலிவான சிப்பை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹேர்ட்ஸ். மதர்போட்டின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸாக உயர்த்தியதும் அச்சிப்புகளுட் பல 450இல் ஓடின. விலையுயர்ந்த சிப்பின் வேகம் ஏழை மாணவனுக்கும் கிட்டியது.

இன்று நிலைமை வேறு. 2008இல் வந்த 'டேர்போ பூஸ்ட்' முறையால், வேலை மிகும்போது சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றது. நாம் கூட்டுவதற்கு எஞ்சியிருப்பது சொற்பமே. அன்றியும், 2011 முதல் இன்டெல் சிப்புகளுட் பெரும்பாலானவற்றில் வேகத்தைக் கூட்டும் வழி பூட்டப்பட்டுள்ளது.

செலவோ பெரிது. சிப் உண்ணும் மின்சாரம் வேகத்தோடும், வோல்ட்டின் வர்க்கத்தோடும் உயரும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் மின்சாரம் 33 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகும்.

இதனை நாம் பட்டே அறிந்தோம். எமது கணினி, அன்னையார் கொழுந்து பறித்த கூலியில் மிச்சம் பிடித்து வாங்கித் தந்த பழைய கணினி. அதன் சிப் பூட்டப்படாதது. ஆகவே வேகத்தைக் கூட்டினோம். இரண்டு நாள் பெருமிதம். மூன்றாம் நாளிரவு கட்டுரை எழுதுகையில் திரை அணைந்தது, எழுதியதும் போயிற்று. "ஓடுற மிசினை ஏம்ப்பா நோண்டுன?" என்றார் அன்னையார். எம்மிடம் விடை இல்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தோம். விசிறியெங்கும் தூசி. சூடு மிஞ்சினால் சிப் தன்னைக் காக்கத் தானே மெதுவாகும் என்பதை அப்போதுதான் கற்றோம். தூசியைத் துடைத்து, சிப்பின்மேல் வெப்பக் களிம்பைப் புதிதாகப் பூசி, விதித்த வேகத்துக்கே திருப்பினோம். பின்னர்ப் பணம் சேர்த்து, சுழலும் ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். நிமிடக்கணக்கில் விழித்தெழுந்த கணினி இன்று அரை நிமிடத்துக்குள் எழுகின்றது.

தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த பெரியோர்க்கு இது புதிதன்று. ரோலர் எவ்வளவு விரைந்து அரைத்தாலும், டிறையர் பழைய அளவே ஏற்குமாயின் தூள் கூடாது. சூடேறிக் கொழுந்தே கெடும். கணினியிலும் எது நம்மைக் காக்க வைக்கின்றதோ, அதனையே முதலில் திருத்தல் வேண்டும்.

வாலிபரே! வீட்டில் உதவாது கிடக்கும் கணினி இருப்பின் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், அதிலே கல்வியுண்டு. குடும்பத்துக்கு அது ஒன்றே கணினியாயின் அதனைச் சோதனைப் பொருளாக்காதீர்கள். தம்பி தங்கையரின் படிப்பும் அதற்குள்ளேதான் இருக்கின்றது.