கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை

(யான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரிமையைப் பற்றிப் பேச வேண்டிய வழக்கறிஞர் கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வட்டிக்காரன் வாசலுக்கு வருவான் என்று பயந்துகொண்டிருக்கும் மனிதனால், மேலதிக நேரச் சம்பளத்தை விழுங்கும் முதலாளியைத் தட்டிக் கேட்க முடியாது. வேலை போய்விட்டால் வட்டி என்னாவது என்று வாயை மூடிக்கொள்வான். கடன் நம் பணத்தை மட்டும் எடுப்பதில்லை. நம் குரலையும் எடுத்துக்கொள்கிறது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் அப்பாவின் பெயர் தோட்டத்துக் கடை நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் பற்றுதான். சம்பள நாளில் கழித்ததுபோக என்ன மிஞ்சுமோ அதுதான் வீட்டுக்கு வரும். அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

இன்று தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். பிள்ளைகள் குவார் செம்பெடாக்கிலிருந்தும் யானிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் குரூண், சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். ஆனால் நோட்டு போகவில்லை. அது கணினிக்குள் போய்விட்டது. நாமும் அப்பாவைப் போலவே அதைத் திறந்து பார்க்கப் பயப்படுகிறோம்.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது?

முதலாவது, பேங்க் நெகாரா 2001 முதல் நடத்தும் சி.சி.ஆர்.ஐ.எஸ். உங்கள் பெயரில் எந்த வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி, ஒவ்வொரு மாதமும் எத்தனைத் தவணை பின்தங்கியிருக்கிறது என்பது அதில் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்திற்கு 0. ஒரு தவணை பாக்கி என்றால் 1, இரண்டு என்றால் 2. கடைசி 12 மாதங்கள் மட்டும்தான் அதில் தெரியும். அதில் 'இவருக்குக் கடன் கொடுக்காதே' என்று எவரும் எழுதுவதில்லை. கறுப்புப் பட்டியல் என்று ஒன்று பேங்க் நெகாராவிடம் இல்லை. பதிவைப் பார்த்து முடிவெடுப்பது கடன் கொடுக்கும் வங்கிதான்.

இரண்டாவது, சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்கள். நீதிமன்ற வழக்கு, திவால் போன்ற விவரங்களையும் அவை சேர்த்து வைக்கின்றன. இவற்றுக்கென்று 2010ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. உங்களைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தக் கேட்கவும் அந்தச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. தீர்த்த கடன் தீராததுபோல் இருந்தால், கடன் தீர்ந்தது என்ற கடிதத்தை வங்கியிடம் வாங்கி அனுப்புங்கள்.

12 மாதம் என்றால் என்ன? பன்னிரண்டு சம்பளம். இன்று பாக்கியை நேர்செய்து, அடுத்த பன்னிரண்டு சம்பளமும் ஒழுங்காகக் கட்டினால் அந்த வரிசை முழுவதும் 0 ஆகிவிடும். பழைய வழக்கோ வாராக் கடனோ இருந்தால் அதைத் தனியாகத் தீர்க்க வேண்டும். மற்றபடி கெட்ட பெயர் ஆயுள் தண்டனை அல்ல.

பிறகு ஏன் நம் குடும்பங்கள் எழ முடியவில்லை? கட்டும் வரிசை தவறாக இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். இதில் உங்கள் வீடு தெரிந்தால் வெட்கப்படாதீர்கள்.

கணவருக்கு மேலதிக நேர வேலையோடு மாதம் 2,300 வெள்ளி. மனைவிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. கடன் பற்று அட்டையில் 6,000 வெள்ளி பாக்கி. மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு மாதம் கட்டவில்லை. மகளின் சடங்குக்கு ஆலோங்கிடம் 1,000 வெள்ளி வாங்கியாயிற்று. வாரம் 100 வெள்ளி வட்டி.

இவர்கள் முதலில் யாருக்குக் கட்டுகிறார்கள்? மிரட்டுபவனுக்கு. பத்து வாரத்தில் 1,000 வெள்ளி கொடுத்துவிட்டார்கள். அசல் 1,000 அப்படியே நிற்கிறது. அதற்குள் மோட்டார் தவணையும் அட்டையும் பின்தங்கி, பதிவில் 1, 2, 3 என்று ஏறிவிட்டது. ஆலோங்குக்கு எவ்வளவு கட்டினாலும் அது சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவில் ஏறாது. உங்கள் பெயர் ஓர் அங்குலம்கூட உயராது.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1951ஆம் ஆண்டு வட்டிக்குப் பணம் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் உள்ளவர்கூட ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுதான் வட்டி வாங்க முடியும். ஈடு வைத்தால் 12 விழுக்காடு. 1,000 வெள்ளிக்கு ஓராண்டு வட்டி அதிகபட்சம் 180 வெள்ளி. ஆலோங் அதை இரண்டே வாரத்தில் வாங்கிவிடுகிறான்!

உரிமம் இல்லாதவன் எழுதி வாங்கிய ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்தால் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மிரட்டுவது தனிக் குற்றம். ஆனால் தனியாகப் போய் அவனிடம் வாதாடாதீர்கள். குறுஞ்செய்தி, பணம் அனுப்பிய ரசீது, தொலைபேசி எண் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். துணைக்கு ஆளோடு போலீசில் புகார் செய்யுங்கள். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் எவனிடமும் ஒப்படைக்காதீர்கள்.

அப்படியானால் எந்த வரிசையில் கட்டுவது?

1. முதலில் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை மாதம் பாக்கி. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். ஒளித்து வைத்த கடன்தான் குடும்பத்தை உடைக்கிறது.

2. வங்கிக் கடன் எதுவும் மூன்று மாதம் பாக்கியாக விடாதீர்கள். மூன்றைத் தாண்டினால் வாராக் கடன் கணக்கில் போய்விடும். மோட்டார் சைக்கிளும் போய்விடலாம். வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை இழுக்க முடியும். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். அந்த 21 நாளில் வங்கியிடம் போய்ப் பேசுங்கள்.

3. எல்லா வங்கிக் கடனுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியபின் மிஞ்சுவதை, அதிக வட்டி உள்ள கடனில் போடுங்கள். அட்டைக்கு 18 விழுக்காடு என்றால் 6,000 வெள்ளிக்கு முதல் மாத வட்டி 90 வெள்ளி. குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது 300 கட்டச் சொல்வார்கள். பாக்கி குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும். அதை நம்பி அவர்கள் கேட்பதை மட்டும் கட்டினால் கடன் தீர ஏறக்குறைய ஆறு ஆண்டு. அட்டையைப் பூட்டி வைத்துவிட்டு மாதாமாதம் அதே 300 கட்டினால் இரண்டே ஆண்டு. வட்டி சுமார் 2,300 வெள்ளியிலிருந்து 1,200 ஆகக் குறையும்.

4. இதுவும் முடியவில்லையா? ஏ.கே.பி.கே.யிடம் போங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனை இலவசம். உங்கள் வருமானத்தைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய தவணையாக மாற்றித் தருவார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும் வரை அது பதிவில் தெரியும், புதிய கடன் கிடைப்பது கடினம். கிடைக்காமல் இருப்பதே நல்லது! ஆலோங் கடனை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் அதைப் போலீசிடம் கொண்டுபோகச் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. 'பணம் கொடுங்கள், உங்கள் பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். உண்மையான கடன் பதிவைப் பணம் வாங்கிக்கொண்டு எவராலும் அழிக்க முடியாது. சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை நீங்களே இலவசமாக எடுக்கலாம்.

வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். திவால் வழக்குப் போட இப்போது குறைந்தது 1,00,000 வெள்ளி கடன் இருக்க வேண்டும். ஆனால் அதற்குக் குறைவான கடனுக்கும் உங்கள் மீது வழக்குப் போட முடியும். சம்மன் வந்த நாளே வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்தால் தீர்ப்பு உங்களுக்கு எதிராகத்தான் வரும்.

தாய்மார்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை. பல வீடுகளில் வட்டிக்காரனை வாசலில் சந்திப்பது நீங்கள்தான். 'அவர் வீட்டில் இல்லை' என்று பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனவர்களும் நீங்கள்தான். கடன் பட்டது குற்றம் அல்ல. குற்றம் செய்பவன் உரிமம் இல்லாமல் வாசலில் நிற்பவன்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். புரியவில்லை என்றால் மகனையோ மகளையோ படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் அப்பா அந்த நோட்டைத் திறந்து பார்க்கவே இல்லை. நீங்கள் திறந்து பாருங்கள்.