வாக்கை நம்பித் திறந்த சிறை



பட்டம் பெறும் நீங்கள் எல்லோரும் சற்று முன் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தீர்கள். போர்க்களத்தில்கூட எதிரியின் உறுதிமொழியை நம்பிய ஒரு காலம் இருந்தது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாம் ஆண்டு. வடக்கு, தெற்கு என இரு தரப்பிலும் கைதிகள் குவிந்துவிட்டார்கள். சோறு போடவும் காவல் காக்கவும் முடியவில்லை. 1862 ஜூலை 22 அன்று வடக்கின் தளபதி டிக்ஸும் தெற்கின் தளபதி ஹில்லும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிடிபட்டவர்களைப் பத்து நாளுக்குள் பரோலில் விட்டுவிட வேண்டும். முறைப்படி கைதிப் பரிமாற்றம் முடியும்வரை மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று அவர்கள் வாக்குத் தர வேண்டும். பரிமாற்றத்துக்கு ஒரு கணக்கும் இருந்தது: ஒரு கேப்டனுக்கு 6 சாதாரண வீரர்கள், ஒரு கர்னலுக்கு 15 பேர்.

1863 ஜூலை 4 அன்று தெற்கின் விக்ஸ்பர்க் நகரம் சரணடைந்தபோது, ஏறத்தாழ 29,000 பேரை வடக்கின் தளபதி கிராண்ட் இப்படித்தான் விடுவித்தார். அத்தனை பேரையும் வடக்கே கொண்டுபோகக் கப்பலும் காவலும் ஒதுக்க வேண்டியிருந்திருக்கும். அந்த வசதிக் கணக்கு எதுவாக இருந்தாலும், நேற்றுவரை தன்னைச் சுட்டவனின் கையெழுத்தை ஒரு படை ஏற்றுக்கொண்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் அந்த ஏற்பாடு அதிக நாள் நிலைக்கவில்லை. வாக்குத் தந்தவர்களில் பலருக்குப் பரிமாற்றம் முடிந்துவிட்டதாகத் தெற்கு தன்னிச்சையாக அறிவித்தது. வடக்கு அதை ஏற்கவில்லை. அதைவிடப் பெரிய பிளவு வேறு. வடக்கின் சீருடையில் கறுப்பின வீரர்கள் களமிறங்கியிருந்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களைப் போர்க்கைதிகளாக மதிக்கத் தெற்கு மறுத்தது. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் மாற்றிக்கொள்ள வடக்கின் அதிபர் லிங்கனின் அரசு சம்மதிக்கவில்லை. பரிமாற்றம் நின்றது. விடுதலையான கைதிகள் திரும்பத் தெற்கின் படையை நிரப்புவார்கள் என்ற ஆள்பலக் கணக்கும் கிராண்டுக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

விலை கொடுத்தவர்கள் கைதிகள். ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 வடக்கு வீரர்களில் ஏறத்தாழ 13,000 பேர் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். வடக்கின் எல்மைரா முகாமிலும் ஏறத்தாழ 3,000 தெற்கு வீரர்கள் இறந்தார்கள். இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. ஆனாலும் லிங்கன் அரசு அந்தக் கறுப்பின வீரர்களைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று போரிட்டவனை எண்ணிக்கையில் சேர்க்காத ஒப்பந்தத்தில் எந்த முகத்தோடு கையெழுத்திடுவது?

1865 தொடக்கத்தில் தெற்கு இறங்கிவந்தது. பரிமாற்றம் மீண்டும் நடந்தது. உங்களில் சட்டமும் வரலாறும் படித்தவர்கள், போர்க்கால நடத்தைக்காக 1863இல் லிங்கன் வெளியிட்ட லீபர் விதித்தொகுப்பைத் தேடிப் படியுங்கள். பரோலுக்கான விதிகள் அதில் விரிவாக இருக்கின்றன. பிடிபட்ட வீரர்களிடையே நிறபேதம் பார்க்கக் கூடாது என்ற விதியும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது.