அன்பும் உரிமையும்



மலையைக் கடந்து தீவின் மறுபக்கம் இறங்கினால் பாலிக் புலாவ். 'தீவின் பின்புறம்' என்பது இம்மலாய்ப் பெயரின் பொருள். ஜார்ஜ்டவுனில் நிற்பவர்க்கே இது பின்புறம். இங்கே கிராம்பும் சாதிக்காயும் டுரியானும் வளர்த்து வாழ்வோர்க்கு இதுவே முகப்பு. ஒரு பெயரை இட்டவர் எங்கே நின்று இட்டார் என்று கேட்பது மொழியியலார் வழக்கம். அதே கேள்வியை இன்று 'அன்பு' என்னும் சொல்லை நோக்கிக் கேட்க விரும்புகிறோம். அன்பு யாரிடமிருந்து புறப்படுகிறது? யார் வரை செல்கிறது? எவ்விடத்தில் நின்றுவிடுகிறது?

அன்பைப் போற்றாத சமயம் இல்லை. அன்பைப் பாடாத தமிழ்ப் பாடநூலும் இல்லை. ஆயினும் அன்பு என்பது உள்ளத்து நெகிழ்ச்சி, நீதி என்பது சட்டத்தின் வேலை என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டோம். தமிழ் மரபு அவ்வாறு பிரிக்கவில்லை என்பதே இவ்வுரையின் கருத்து.

1. அன்பு, ஒப்புரவு, அருள்

திருக்குறளின் அதிகார வைப்பை முதலில் நோக்குவோம். 8ஆம் அதிகாரம் அன்புடைமை. அது இல்லறவியலில் உள்ளது. 25ஆம் அதிகாரம் அருளுடைமை. அது துறவறவியலின் வாயில். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பரிமேலழகர் தெளிவாக வரையறுக்கிறார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு; தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள். அருளை அன்பு பெற்ற குழந்தையாக வள்ளுவர் உருவகப்படுத்துவதும் ஆசிரியர்கள் அறிந்ததே. தாய் இன்றிக் குழந்தை இல்லை. ஆனால் குழந்தை வளர்ந்து வீட்டு வாயிலைக் கடந்து செல்ல வேண்டும்.

இவ்விரண்டிற்கும் இடையில் உள்ள அதிகாரங்களை நம் வகுப்பறைகள் விரைந்து கடந்துவிடுகின்றன. 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுத்தலைப் பற்றியவையாயின் ஏன் இரண்டு அதிகாரங்கள்? ஈகை, வறியவர் ஒருவர் வந்து நிற்கும்போது நிகழ்வது. ஒப்புரவோ, ஊரோடு கூடி வாழ்பவன் தன் செல்வத்தை ஊர்க்குரியதாகக் கருதி நடக்கும் நிலையான ஒழுக்கம். அதனால்தான் ஊருணியும் ஊர் நடுவே பழுத்த மரமும் அங்கே உவமைகளாகின்றன. ஊருணியில் நீர் முகப்பவர் எவரிடமும் கையேந்தி நிற்பதில்லை. கொடுப்பவரை உயரத்திலும் பெறுபவரைத் தாழ்விலும் நிறுத்தாத கொடை அது. 'ஒப்பு' என்னும் சொல் அதனுள் இருப்பது பொருத்தமே.

ஆகவே வீட்டில் பிறக்கும் அன்பு, ஊரில் ஒப்புரவாகி, எல்லையற்ற அருளாக விரிகிறது. நடுவில் உள்ள படியை விட்டுவிட்டால் அன்பு வீட்டோடு நின்றுவிடும்; அருள் துறவியின் பண்பாக மட்டும் ஒதுங்கிவிடும்.

இக்கருத்து வள்ளுவருக்கு மட்டும் உரியதன்று. குழந்தையை வளர்ப்பவர் போல நாட்டைக் காக்குமாறு நரிவெரூஉத்தலையார் என்னும் சங்கப் புலவர் சேர மன்னனுக்கு அறிவுறுத்தினார். தாயன்பு அங்கே ஆட்சியின் கடமையாக மாறுகிறது. மணிமேகலை அமுதசுரபி கொண்டு பசி தீர்த்தவள் என்பதை மாணவர் அறிவர். அவள் அதனோடு நிற்கவில்லை. அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். சோறிட்ட கை, நிறுவனம் ஒன்றையே மாற்றக் கேட்டது. அன்பின் வளர்ச்சி எத்திசையில் செல்லும் என்பதைக் காப்பியம் அன்றே காட்டிவிட்டது.

2. வள்ளலார் தந்த சொல்

19ஆம் நூற்றாண்டில் இவ்விழையை மீண்டும் கையில் எடுத்தவர் இராமலிங்க அடிகளார். 1823ஆம் ஆண்டு சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த அவர், 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் மக்கள் அளித்த நிலத்தில் எழுந்தது அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. சாதி, சமயம் கேட்காமல் பசித்தவர்க்கு உணவு என்பது அங்குள்ள நெறி. சாலை தொடங்கிப் பத்தாண்டுகளுக்குள், 1876 முதல் 1878 வரை, தென்னகத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது என்பதை நினைத்தால் அவ்வடுப்பின் அருமை விளங்கும்.

வள்ளலாரின் தொண்டைப் பலரும் போற்றுகின்றனர். மொழி பயில்வோராகிய நாம் அவர் ஆண்ட ஒரு சொற்றொடரைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது 'ஆன்மநேய ஒருமைப்பாட்டு உரிமை' என்பது. நேயம் என்றால் அன்பு. அன்பையும் ஒருமைப்பாட்டையும் கூறியவர் ஏன் 'உரிமை' என்று முடித்தார்?

'உரிமை' என்னும் சொல் இன்று பெரும்பாலும் சட்டச் சொல்லாக வழங்குகிறது: வாக்குரிமை, குடியுரிமை, சொத்துரிமை. ஆனால் அன்றாடப் பேச்சில் அதன் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நெருங்கியவரிடம் ஒன்றைக் கேட்கும்போது, 'உரிமையோடு கேட்கிறேன்' என்கிறோம். இங்கே உரிமை சட்டத்தினால் வருவதன்று, உறவினால் வருவது. திருக்குறளின் பழைமை அதிகாரத்தில் வரும் 'கிழமை' என்னும் சொல்லும் இத்தகையதே. நீண்ட நட்பினால் நண்பர் கேளாமலே செய்துகொள்ளும் உரிமையை அது குறிக்கும். ஆக, தமிழில் உறவும் உரிமையும் பொருளால் நெருங்கியவை. ஒருவர் நமக்கு உரியவர் என்றால், நம்மிடம் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இதனையே விளக்குகிறார். உடன்பிறந்தார் துன்புறக் கண்டால் நமக்கு உருக்கம் உண்டாவது உடன்பிறப்பு உரிமையினால். உயிர்கள் அனைத்தும் இறைவனால் வந்தவையாதலின் அவை தமக்குள் உடன்பிறப்புகள். ஆகவே ஓர் உயிர் துன்புறும்போது மற்றோர் உயிர்க்கு உருக்கம் உண்டாவதும் உரிமையே என்பது அவர் வாதம். இதன் விளைவு பெரிது. பசித்தவன் இரவலன் அல்லன். உரிமை கேட்கும் உடன்பிறப்பு. உணவிடுபவன் வள்ளல் அல்லன். பங்கு கொடுக்கும் உடன்பிறப்பு. கடவுளை வேண்டுதலும் பசித்தவர் முகத்தைப் பார்த்தலும் வள்ளலார்க்கு இரு வேறு செயல்கள் அல்ல. அன்பு அங்கே வழிபாடாகவும் கடமையாகவும் ஒருங்கே நிற்கிறது.

3. அடுப்பிலிருந்து நிலத்திற்கு

பசிக்குச் சோறு உடனடி மருந்து. ஆனால் நெல் விளைவிப்பவரே பசித்திருப்பது ஏன் என்னும் கேள்விக்கு அடுப்பு மட்டும் விடையாகாது. அக்கேள்வி தஞ்சை வயல்களில் எழுந்தது.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தலித் மக்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது.

இந்நிகழ்வு கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையரைக் கீழத்தஞ்சைக்கு வரச் செய்தது. 1926இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், காந்திய நெறியில் வளர்ந்தவர். வள்ளலாரின் அருள்நெறியில் ஆழ்ந்த பற்றுடையவர். இருவரும் வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் உழைத்திருந்தனர். 1951இல் தொடங்கிய அவ்வியக்கம், நிலமுடையோர் மனமுவந்து நிலமற்றோர்க்கு நிலம் தர வேண்டும் என்று கேட்டது. மனமாற்றத்திற்காக மட்டும் காத்திருந்தால் போதாது என்பதைப் பட்டறிவு அவர்களுக்கு உணர்த்தியது. 1981இல் 'லாஃப்டி' என்னும் அமைப்பைத் தொடங்கினர். உழுவோரின் விடுதலைக்கு நிலம் என்பது அதன் பெயர்ப் பொருள்.

அதன் செயல்முறையைக் கவனிக்க வேண்டும். நிலம் விற்க விரும்பும் உடைமையாளரையும் நிலமற்றோரையும் ஒன்றாக அமர்த்தி நியாயமான விலை பேசினர்; வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கினர்; பெண்கள் பெயரில் பதிவு செய்தனர்; விளைச்சலைக் கொண்டு கடனைத் திருப்பச் செய்தனர். இவ்வாறு ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 1990களில் கடலோர விளைநிலங்களை இறால் பண்ணைகள் உப்பாக்கியபோது அறப்போர் நடத்தினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2008இல் இவ்விணையர்க்கும் அமைப்பிற்கும் சுவீடனின் வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒடுக்கப்பட்டோரிடம் அன்பைப் பேசுவது அவர்தம் சினத்தை மழுங்கடிப்பதாகாதா? நியாயமான ஐயம். 'பொறுத்துக்கொள்' என்பதற்கு மறுபெயராக அன்பு பயன்படுத்தப்பட்ட காலங்கள் உண்டு, அவ்வன்பு அன்பன்று. யாரிடம் வலிமை இருக்கிறதோ அவரிடமே அன்பு முதலில் கேட்கப்பட வேண்டும். சங்கப் புலவர் மன்னனிடம்தான் கேட்டார். வள்ளுவர் உடையவனிடம்தான் ஒப்புரவைக் கேட்டார். கிருஷ்ணம்மாள் சினத்தைக் கைவிடவில்லை. உண்ணாநோன்பாகவும் சிறைவாசமாகவும் பத்திரப்பதிவாகவும் அதனை மாற்றினார். பகைவரை அழிக்காமல் பகையின் காரணத்தை அழிப்பது என்பதே அங்கு அன்பின் வேலை.

4. மலையகத்தில் அவ்விழை

இவ்விழை கடல் கடந்து இம்மண்ணிலும் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். பல குடும்பங்கள் சிதைந்தன. போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தர் சுத்த சமாஜத்தை நிறுவினார். அன்னை மங்களம் தம் நெடிய வாழ்வு முழுவதையும் அங்கு வளர்ந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கே அளித்தார். இது அடுப்பின் வழி.

நிலத்தின் வழியும் இங்கு உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தில், வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர்கள் வேலையையும் லயன் வீட்டையும் ஒருசேர இழந்தனர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று பால்மரம் சீவுவோரைப் பத்துப்பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் செலுத்தச் செய்தார். அப்பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர் தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். அதுவே ஒப்புரவு.

5. 'நாம்' யார்?

இறுதியாக, ஓர் இலக்கணச் செய்தி. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. 'நாம்' கேட்பவரையும் உள்ளடக்கும். 'நாங்கள்' கேட்பவரை விலக்கும். மலாய்மொழியிலும் இவ்வாறே 'கித்தா', 'காமி' என இரண்டு உண்டு. ஆங்கிலத்திற்கு இவ்வேறுபாடு இல்லை. ஆகவே இத்தீவில் தமிழும் மலாயும் பேசி வளரும் மாணவர், வாய் திறக்கும்போதெல்லாம் யாரைச் சேர்க்கிறோம், யாரை விலக்குகிறோம் என்று முடிவு செய்கின்றனர்.

நம் முன்னோர் இந்நாட்டிற்குச் சஞ்சிக்கூலிகளாக வந்தனர். 1910இல் அம்முறை ஒழிந்த பின்னரும் கங்காணி வழி வந்தனர். கடனும் நோயும் கள்ளுக்கடையும் அவர்களைப் பிணித்த வரலாற்றை இலக்கியமாகவும் படிக்கிறோம். இன்று அதே தோட்டங்களிலும் கட்டுமானக் களங்களிலும் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் நேபாளியரும் உழைக்கின்றனர். முகவருக்குக் கடன்பட்டு வந்தவர்கள் அவர்களுள் பலர். நம் இனத்திலேயே பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் பள்ளி வாயிலில் தயங்கி நிற்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். பின்னவர்க்கு இரங்குவது எளிது. அது தொடர்புடையார்மேல் செல்லும் அன்பு. முன்னவரை நாம் 'நாம்' என்பதற்குள் சேர்க்கிறோமா? பரிமேலழகர் வரைந்த கோடு இன்று இவ்விடத்தில்தான் நம்மைச் சோதிக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, அன்புடைமைக் குறள்களை மனனம் செய்வித்துத் தேர்வில் எழுதச் செய்வது நம் பணியின் முதற்படி. அடுத்த படியாக ஒன்றைச் செய்யலாம். அன்புடைமை கற்பிக்கும் வாரத்திலேயே ஒப்புரவறிதலையும் கற்பியுங்கள். நம் ஊரில் ஊருணி எது, அதில் நீர் முகக்க இயலாதவர் யார் என்று மாணவரையே கண்டறிந்து எழுதச் செய்யுங்கள். ஆவணமற்ற பிள்ளை ஒன்று இருப்பின், எந்த அலுவலகத்தை நாட வேண்டும், எந்தத் தாள்கள் வேண்டும் என்று அக்குடும்பத்தோடு உடன் செல்லுங்கள். படிவம் நிரப்புவதும் அருட்செயலே. மாணவச் செல்வங்களே, கடையிலும் சாலையோரத்திலும் நீங்கள் காணும் வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அவரை மரியாதையோடு அழையுங்கள். உரிமை உறவில் தொடங்கும். உறவு பெயரில் தொடங்கும்.

வடலூர் அடுப்பு தானே எரிவதன்று. ஒவ்வொரு நாளும் எவரோ ஒருவர் விறகிடுவதால் எரிகிறது. அன்பும் அத்தகையதே.