ஸாஉ எனும் அளவும் தராசு காட்டும் எடையும்

(நோன்புப் பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில் நம் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

கண்ணியமிக்க சங்கரன்கோவில் ஜமாஅத்தார்களே! ரமளான் விடைபெறும் நாள்களில், "ஹஜ்ரத், ஃபித்ரா அரிசி தலைக்கு எத்தனை கிலோ?" என்று பலரும் வினவுகின்றனர். ஒருவர் 2 கிலோ 400 கிராம் என்கிறார். மற்றொருவர் இரண்டரை என்கிறார். இன்னொருவர் ஒன்றே முக்கால் போதும் என்கிறார். மார்க்கத்தில் ஏன் இத்தனை கணக்கு என்று இளைஞர்கள் ஐயுறுகின்றனர்.

நபி (ஸல்) அவர்கள் ஃபித்ராவை எடையால் விதிக்கவில்லை, முகத்தலளவையால் விதித்தார்கள். பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ என இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஒரு ஸாஉ நான்கு முத்துக்கள். நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு முத்து. நம் பாட்டனார் உழக்கு, படி, மரக்கால் என அளந்ததைப் போன்றதே இது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் வந்தபின், நாம் தராசுக்குப் பழகிவிட்டோம்.

ஆனால், ஒரே பாத்திரம் எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை காட்டாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே பாத்திரத்தில் அரிசி ஏறத்தாழ 800 கிராம். மாவு அதனினும் குறைவு. தூள் உப்போ கிலோவைத் தாண்டும். மணியின் பருமன், ஈரம், இடைவெளி, குலுக்கி நிரப்புதல், தலைதட்டுதல் யாவும் எடையை மாற்றும். ஆதலால்தான் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஸாஉவை எடையால் வரையறுப்பது சிக்கலானது, அளவே அடிப்படை என்றார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் மதீனா சென்றபோது, ஸஹாபாக்களின் வழித்தோன்றல்கள் தத்தம் வீட்டு ஸாஉகளைக் கொண்டுவந்து காட்டினர். அளந்து பார்த்து, எட்டு ராத்தல் என்ற தம் முந்தைய கருத்தை விட்டு, ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் என்பதை ஏற்றார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் இக்கால நூல்களில் ஒரு ஸாஉ ஏறத்தாழ மூன்று லிட்டர் எனக் காணப்படுகிறது. மூன்று லிட்டரை 800 கிராமால் பெருக்கினால் 2 கிலோ 400 கிராம். ஹனஃபி மத்ஹபில் கோதுமையில் அரை ஸாஉ. இந்திய உலமாக்கள் அதை ஒன்றே முக்கால் சேர் என்றனர். 80 தோலா சேர் 933 கிராம். எனவே 1 கிலோ 633 கிராம். சேரைக் கிலோவாகக் கொண்டதால்தான் ஒன்றே முக்கால் கிலோ என்ற பேச்சு வந்தது போலும். அது கோதுமையின் எடை என்பதை மறவாதீர்! அரிசி கொடுப்போர் அக்கோதுமையின் கிரயத்துக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும். அவ்வெடையை அப்படியே அரிசிக்குப் பொருத்துவது முறையன்று.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபித்ராவுக்கு வாங்கும் அரிசியையே மூன்று லிட்டர் பாத்திரத்தில் தலைதட்டி அளந்து நிறுத்துப் பாருங்கள். வரும் எடையைப் பலகையில் எழுதுங்கள். ஐயம் இருப்பின் மேல்நோக்கியே முழுமையாக்குங்கள். குறையவில்லை என்ற உறுதி வரும்வரை கொடுப்பதே பேணுதல்.

அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் அளவையும் நிறுவையையும் தனித்தனியே கூறி எச்சரிக்கிறது. கணக்கில் நூறு கிராம் தவறினால், நமக்கு அது சில்லறை. ஏழை வீட்டில் அது ஒரு குழந்தையின் பெருநாள் சோறு. பெறுபவர் நிறுத்துப் பார்த்துக் கேட்கமாட்டார். ஆனால் நிறுக்கப்படும் நாள் ஒன்று நமக்கு உண்டு.

நிறைவாக அளந்து கொடுக்கும் நல்லடியார்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.