ரோஷத்தின் விலை 1,750 வெள்ளி

(‘ஆடம்பரக் கடைகளில் நமக்குக் கிடைப்பது சேவையா, சோதனையா?’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், ஆடம்பரக் கடைக்குப் போவதே வீண் செலவு என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் நானும் ஒரு முறை போனேன். போன கதையைச் சொன்னால்தான் என் கருத்து உங்களுக்கு விளங்கும்.

நான் கப்பல் பட்டறைத் தொழிலாளி. 31 ஆண்டுகளாகத் துவாசில் வேலை. 2018ஆம் ஆண்டு எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டு நிறைந்தது. என் மனைவி பாலர் பள்ளியில் உதவியாளர். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கொண்டுவந்த கைப்பையைப் பார்த்துவிட்டு, “தோல் எவ்வளவு மிருதுவா இருக்குது தெரியுமா” என்று ஒரு நாள் சொன்னார். வேண்டும் என்று கேட்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான். நான் மனத்தில் வைத்துக்கொண்டேன். மாதம் 200 வெள்ளி வீதம் ஓராண்டு சேர்த்தேன். 2,400 வெள்ளி ஆனது. அதே கடையில் சிறிய கைப்பை ஒன்று 2,300 வெள்ளி என்று என் மகள் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து, முகம் கழுவி, டீ சட்டையை மாற்றிக்கொண்டு, நேரே ரயிலேறி ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனேன். காலில் வேலைக் காலணி. அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடை வாசலில் கயிறு கட்டி வரிசை. நின்றேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு தம்பதியை உள்ளேயிருந்து ஊழியர் வந்து பெயர் சொல்லி அழைத்துப் போனார். அவர்கள் முன்பதிவு செய்திருக்கலாம். அதை நான் குறை சொல்லவில்லை. இருபது நிமிடம் கழித்து என்னையும் உள்ளே விட்டார்கள்.

இளம் ஊழியர் ஒருவர் வந்தார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலணியைப் பார்த்தார். நான் அந்தச் சிறிய பையைக் காட்டி, “இதைப் பார்க்கலாமா?” என்றேன். அவர் எடுக்கவில்லை. “இது 2,300 வெள்ளி” என்றார்.

அன்பர்களே, நான் விலை கேட்கவில்லை. பார்க்கலாமா என்றுதான் கேட்டேன்.

அடுத்ததாக, “அட்டை வைக்கும் சிறிய உறைகளும் இருக்கின்றன. பரிசு கொடுக்க நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள்” என்றார். குரலில் கடுமை இல்லை. சிரித்த முகம்தான். அவர் என்னைத் திட்டினார் என்று யாரிடமும் புகார் சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் காது மடல் சூடேறிவிட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? “நன்றி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அல்லது, “தயவுசெய்து அந்தப் பையை எடுங்கள்” என்று மறுபடி கேட்டிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. மேல் தட்டில் இருந்த பெரிய பையைக் காட்டி, “அதை எடுங்கள்” என்றேன். விலை 4,150 வெள்ளி. வாங்கினேன்.

சேர்த்து வைத்த 2,400 வெள்ளி போக, மீதி 1,750 வெள்ளி கடன் அட்டையில் ஏறியது. அதை அடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த 1,750 வெள்ளி தோலுக்கும் தையலுக்கும் கொடுத்த விலை இல்லை. என் ரோஷத்துக்கு நான் கொடுத்த விலை.

என்னைப் போன்ற முட்டாள் நான் ஒருவன்தான் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இதை ஆய்வு செய்தே எழுதியிருக்கிறார்கள் என்று. மோர்கன் வார்ட், டேரன் டால் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் பயனீட்டாளர் ஆய்விதழ் ஒன்றில் 2014ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆடம்பரக் கடை ஊழியர் அலட்சியமாக நடந்துகொண்டால், அந்தப் பொருளின் மீது ஏக்கம் வைத்திருப்பவருக்கு ஆசை குறைவதில்லை, கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. ‘நானும் உங்களில் ஒருவன்தான்’ என்று காட்டிக்கொள்ளத் தோன்றுகிறதாம். சாதாரணக் கடைகளில் இப்படி நடப்பதில்லை. இன்னொன்றும் சொன்னார்கள். நாளாக ஆக அந்த ஆசை வடிந்துவிடும், கசப்புத்தான் மிஞ்சும் என்று. நூற்றுக்கு நூறு உண்மை. என் வீட்டில் நடந்தது அதுதான்.

பையை மனைவியிடம் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. பிறகு, “எவ்வளவு?” என்றார். “அதை விடு” என்றேன். “சொல்லுங்க” என்றார். சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், “இதை எனக்காக வாங்கினீங்களா, அந்தப் பையனுக்காக வாங்கினீங்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

திருப்பிக் கொடுக்கலாமா என்று மகள் விசாரித்தாள். முடியாது, வேண்டுமானால் வேறு பொருளாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இதையும் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளில் குறை இருந்தால் நமக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கைகள் தீர்ப்பாயத்துக்கு எடுத்துப் போகலாம். ஆனால் மனம் மாறிவிட்டது என்பதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை பொதுவாக நமக்கு இல்லை. கடை விரும்பினால்தான் உண்டு. காலணியைப் பார்த்து எடை போட்டார் என்பதற்கும் அங்கே தீர்வு கிடையாது.

எனவே அந்தப் பை எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காப்புறுதித் தாள்கள் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. சிங்கப்பூரிலேயே விலை உயர்ந்த கோப்புறை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று என் மகள் கேலி செய்வாள்.

‘பணக்காரன்போல உடுத்திப் போனால் மரியாதை தானாக வரும்’ என்று சிலர் சொல்லலாம். ஓப்ரா வின்ஃபிரேக்குப் பணம் இல்லையா? 2013ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு கடையில் கைப்பையைக் காட்டச் சொன்னபோது, அது விலை அதிகம் என்று சொல்லி ஊழியர் காட்டவில்லை என்று அவர் சொன்னார். ஊழியர் அதை மறுத்தார். சுவிஸ் சுற்றுலாத் துறை மன்னிப்புக் கேட்டது. பிறகு ஓப்ராவே, விஷயம் இவ்வளவு பெரிதானதற்கு வருத்தம் தெரிவித்தார். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உலகமே அறிந்த ஒரு பெண்மணிக்குக்கூட இப்படி ஒரு மனக்குறை வர முடியும் என்றால், உடையும் பணமும் மட்டும் மரியாதைக்கு உத்தரவாதம் ஆகாது என்றுதானே பொருள்?

அதே நேரத்தில் ஊழியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. பல கடைகளில் விற்பனை இலக்கு உண்டு, விற்றால் தரகுப் பணம் உண்டு. ஒருவரோடு அரை மணி நேரம் செலவழித்து விற்பனை ஆகாவிட்டால் அவர் வருமானத்தில் அடி. அதனால்தான் வாசலிலேயே ஆளை அளக்கும் பழக்கம் வருகிறது. வாங்காதவருக்கும் பொருளைக் காட்டியதற்காக எந்த முதலாளியாவது ஊழியரைப் பாராட்டியிருக்கிறாரா? பழியைச் சம்பளக்காரர் தலையில் மட்டும் போடுவது சரியில்லை. வாடிக்கையாளர்களிலும் ஊழியரை அடிமைபோல் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

நல்ல சேவை என்றால் என்ன என்பதையும் அன்று அதே கடையில்தான் பார்த்தேன். ரசீது போடும் நேரத்தில், வயதில் மூத்த மலாய் ஊழியர் ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். “யாருக்கு அங்கிள்?” என்று கேட்டார். திருமண நாள், 25 ஆண்டு என்றேன். “எனக்கு 22 ஆண்டு ஆகிறது, என் கணவர் இன்னும் பூகூட வாங்கித் தந்ததில்லை” என்று சொல்லிச் சிரித்தார். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனால் அட்டையைத் தேய்த்தாகிவிட்டது. அந்த அம்மா முதலில் என்னிடம் வந்திருந்தால், 2,300 வெள்ளிப் பையோடு மகிழ்ச்சியாக வீடு திரும்பியிருப்பேன். அடுத்த ஆண்டும் போயிருப்பேன். கடைக்கும் லாபம், எனக்கும் நிம்மதி. ஒரே கடை, ஒரே சீருடை. ‘யாருக்கு’ என்ற ஒரு கேள்விதான் வித்தியாசம்.

2023 ஜனவரியில் நம் நாட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 17 வயதுப் பெண்ணுக்கு அவள் தந்தை ஒரு ‘சார்ல்ஸ் அண்ட் கீத்’ கைப்பை வாங்கிக் கொடுத்தார். 100 வெள்ளிக்கும் குறைவான பை. அது தன் முதல் ஆடம்பரப் பை என்று அவள் இணையத்தில் பெருமையாகக் காட்டினாள். இதுவா ஆடம்பரம் என்று கேலி செய்தார்கள். வசதி இல்லாமல் வளர்ந்த தன் குடும்பத்துக்கு இது பெரிய பொருள்தான், அப்பா உழைத்த பணம் என்று அவள் கண்ணீரோடு பதில் சொன்னாள். 1996ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்கள், தந்தையையும் மகளையும் அழைத்து விருந்து கொடுத்தார்கள், தலைமை அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். வாங்குபவர் பையோடு எதைக் கொண்டுபோகிறார் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டேன்.

அதே 2018ல், தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குத் தோடு வாங்க நானும் மனைவியும் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக் கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்றார். ஊரிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்பவர் என்று பார்த்ததும் தெரிந்தது. “அண்ணே, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு பவுன்ல சங்கிலி பார்க்கணும்” என்றார். விற்பனையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தம்பி, ஒரு பவுன் என்ன விலை தெரியுமா?” என்றார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, “வாங்க சார், உட்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் உட்கார்ந்தேன்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் என் காது மடல் சூடேறிச் சில மாதம்கூட ஆகவில்லை. கடனும் அடைந்திருக்கவில்லை. இருந்தும் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

என் மனைவி உட்காரவில்லை. “அந்தத் தம்பிதான் முதல்ல வந்தாரு. அவருக்குக் காட்டுங்க, நாங்க இருக்கோம்” என்றார். அவர் தோளில் தொங்கியது பழைய துணிப்பை.

விற்பனையாளர் தட்டை எடுத்து வைத்தார். அந்தத் தம்பி நாலைந்து சங்கிலிகளைப் பார்த்தார். எடை கேட்டார், செய்கூலி கேட்டார், ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அன்று வாங்கவில்லை. என் மனைவியிடம், “நன்றி அக்கா” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போனார்.

1979லிருந்து பணிவன்பு இயக்கம் நடத்திய நாடு நம் நாடு. சிங்கா சிங்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று கடைகளில் வேலை செய்கிறார்கள், கடைகளை நடத்தவும் செய்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முதலில் வந்தவரை முதலில் கவனியுங்கள். பார்க்க வேண்டும் என்றால் எடுத்துக் காட்டுங்கள். கேட்கும்போது விலையைச் சொல்லுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அவமானம் ஏற்பட்டால் கடை மேலாளரிடம் அமைதியாகச் சொல்லுங்கள், இல்லையேல் வெளியே வந்துவிடுங்கள். பணத்தால் பதில் சொல்லப் போகாதீர்கள். நான் சொன்னேன், ஏழு மாதம் கட்டினேன்.

பக்கத்தில் நிற்பவருக்கு அது நடந்தால், தயவுசெய்து நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள்.