ஆனர்ஸ் வகுப்பின் வாயில்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், புதுக்கோட்டையில், ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்குச் சற்று முன்னர்ப் பதக்கமும் பணமுடிப்பும் வழங்கப்பட்டன. அவர்கள் மேடையேறியபோது நீங்கள் செய்த கரகோஷத்தில் நானும் கலந்துகொண்டேன். ஆயினும் என் உள்ளத்தில் ஒரு வருத்தமும் உடன் எழுந்தது. அதன் காரணத்தை ஒளியாமல் சொல்லிவிடுவதே இச்சபைக்கு நான் செய்யத்தக்க மரியாதையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நம்மவர் வீட்டுப் பெண்ணொருத்தி, தேர்வு முடிவு வெளியான மறுநாள் தன் தகப்பனாருடன் என் இல்லத்துக்கு வந்தாள். சரித்திரத்தில் அவளுக்கு மிக உயர்ந்த மதிப்பெண். "ஐயா, டெல்லியில் சரித்திரம் ஒன்றையே ஆழ்ந்து படிக்கும் ஆனர்ஸ் வகுப்பு இருக்கிறதாமே, இப்போது விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டாள். விசாரித்துப் பார்த்தேன். அதற்குரிய நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் கடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. இதே கேள்வியை அவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோதே என்னிடம் கேட்டிருக்கிறாள். "முதலில் மதிப்பெண்ணை வாங்கு அம்மா, பிறகு பார்க்கலாம்" என்று மறுமொழி சொன்னவன் நானே. அவள் பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்ந்து நன்றாகவே படித்தாள். என்மீது ஒரு குறையும் சொன்னதில்லை. குறை என்னுடையது என்பதை நான் அறிவேன். அதனால்தான் இன்று இந்த விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டேன்.

ஆனர்ஸ் என்பது யாது? பல பாடங்களை மேலோட்டமாகக் கற்பதை விடுத்து, ஒரு பாடத்தின் அடிவரை சென்று கற்பதற்கு ஏற்பட்ட வகுப்பு அது. நம் மாகாணத்துக்கு அது புதிதன்று. முன்னாளில் சென்னைச் சர்வகலாசாலையில் இண்டர்மீடியட் இரண்டாண்டு முடித்தபின் மூன்றாண்டு ஆனர்ஸ் படிக்கும் முறை இருந்தது. பிற்காலத்தில், 1983-இல், நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னைப் பிரசிடென்சி கலாசாலையில் 1930-இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவரே. 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்பெல்டு, அவர் கற்றிருந்த இயற்பியல் அதற்குள் பழமையாகிவிட்டதென்று எடுத்துரைத்தார். அந்த மாணாக்கர் மனம் தளரவில்லை. புதிய கொள்கைகளைத் தாமே கற்று, 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. நம் பிள்ளைகள் யாவரும் அவர் போல் ஆவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பாடத்தில் ஆழ்ந்து நிற்பவனுக்கே தான் அறியாதது எது என்பது தெரியவரும். ஆனர்ஸ் கல்வியின் பயன் அதுவே.

இக்காலத்து ஏற்பாட்டைச் சுருங்கச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டப்படி, மூன்றாண்டில் 120 கிரெடிட் முடித்தால் சாதாரணப் பட்டம். நான்காண்டில் 160 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ் பட்டம். முதல் ஆறு பருவங்களில் நூற்றுக்கு 75 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் படிக்கலாம். நம் மாநிலத்து அரசுக் கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கம், அதுவும் குறைந்ததன்று. எனினும் டெல்லிப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் ஆனர்ஸ் படிக்க விழைவோர் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகமும் கணிதத்தில் ஆனர்ஸ் பட்டம் அளிக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு.

இனி வாயில் எங்கே அடைபடுகிறது என்பதைக் கவனியுங்கள். 2025-ஆம் ஆண்டில் பொது நுழைவுத் தேர்வுக்கு மார்ச் 1 முதல் 24 வரை விண்ணப்பம் பெற்றார்கள். நம் மாநிலத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியானதோ மே 8-ஆம் நாள். அதாவது, மதிப்பெண் இன்னதென்று தெரிவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. நாமோ மதிப்பெண் வந்தபின் பதக்கம் அளித்து, "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று மேடையில் கேட்கிறோம். ஆடி கழிந்தபின் விதைநெல் தேடுகிறவனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

அதற்கும் முன்னே ஒரு வாயில் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் சேர வேண்டுமானால் கணிதத் தேர்வு எழுதுவது கட்டாயம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை, "கணக்கு கஷ்டம்" என்று கணிதம் அறவே இல்லாத பிரிவில் சேர்த்துவிட்டால், அந்த ஒரு நாளிலேயே அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

தேர்வின் தன்மையையும் அறிந்திருத்தல் நலம். 2025-ஆம் ஆண்டு முறைப்படி ஒருவர் ஐந்து பாடங்கள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 60 நிமிஷத்தில் 50 வினாக்கள். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண். தவறினால் ஒன்று குறையும். தமிழிலும் வினாத்தாள் கிடைக்கும் என்பதைப் பலர் அறியார். வினாக்கள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தைத் தழுவியவை. அந்நூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் மாநிலப் பாடநூலுடன் அதையும் ஓராண்டுக் காலம் ஒப்பிட்டுப் படித்தவனுக்குத் தேர்வு அச்சம் தராது. ஒரு மாதத்தில் படித்துவிடலாம் என்று எண்ணுபவனுக்கு அச்சம் தரும்.

சான்றிதழ் விஷயமும் முக்கியம். மத்திய அரசின் கல்வி நிலையங்களில் இதர பிற்பட்ட வகுப்பினருக்கு நூற்றுக்கு 27 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகள் பள்ளியில் காட்டும் மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிட்டு, நடப்பு நிதியாண்டில் பெற்ற சான்றிதழ் வேண்டும். உரிமை இருந்தும், உரிய காகிதம் இல்லாமையால் இடத்தை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

"பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று தாய்மார்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அந்தக் கவலையை நான் பரிகசிக்கமாட்டேன். விடுதி, செலவு, துணை ஆகியவற்றை நன்கு விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும். ஆனால் ஒன்றை நினைவூட்டுகிறேன். 1886-இல் இந்தப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் மேற்படிப்பை விரும்பியபோது, ஆண்பிள்ளைகளே பயின்ற இவ்வூர் மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதைப் பலர் ஆட்சேபித்தார்கள். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மகாராஜா அனுமதி அளித்தார். அம்மையார் 1907-இல் சென்னை மருத்துவக் கலாசாலையில் சேர்ந்து 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். கேட்டதும், கேட்ட காலத்தில் ஒருவர் துணை நின்றதுமே அவ்வாயிலைத் திறந்தன. நம் வீட்டுப் பெண் கேட்கும்போது துணை நிற்பவர் யார்?

ஆகையால் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த உடனே, பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன், அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், கீரனூர் ஆகிய இடங்களில் பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும். இரண்டாவது, ஒவ்வோராண்டும் தை மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சங்கக் கட்டடத்துக்கு வரவழைத்து, அவர்களுடன் அமர்ந்து விண்ணப்பத்துக்கு வேண்டியவற்றைத் தயார் செய்ய வேண்டும். மூன்றாவது, பணமுடிப்புக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை விண்ணப்பக் கட்டணத்துக்கும் தேர்வு எழுதப் போகும் பிரயாணச் செலவுக்கும் முன்னதாகவே கொடுத்து உதவ வேண்டும். பதக்கம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பாதிப் பணத்தை ஐந்து மாதம் முன்னதாகக் கொடுங்கள் என்றே வேண்டுகிறேன்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சொல். ஆனர்ஸ் என்ற பெயருக்காக அதை நாடாதீர்கள். எந்தப் பாடத்தைப் பரீட்சை இல்லாத நாளிலும் எடுத்துப் படிக்கத் தோன்றுகிறதோ, அதுவே உங்கள் பாடம். அதைக் கண்டுகொண்டால் வந்து கேளுங்கள். "முதலில் மதிப்பெண்ணை வாங்கு" என்று இனி நான் சொல்லமாட்டேன்.