24 நாள் வேலையும் இலண்டன் பாராளுமன்றமும்

(கேரி தீவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். சம்பளத்துக்கு முன்னால் நிற்கிற ஒன்றைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறோம். அது வேலை நாள். நாள் ஒன்றுக்கு இத்தனை வெள்ளி என்று எவ்வளவு நன்றாகப் பேசி முடித்தாலும், மாதத்தில் எத்தனை நாள் செக்ரோலில் நம் பெயருக்கு நேரே கோடு விழும் என்பது நிச்சயமில்லையென்றால் கடைக்காரனுக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளையின் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு எதைக் கொடுப்பது?

இந்தக் கவலை தோட்டத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டாம். பாராளுமன்ற முறையை உலகத்துக்குக் கற்பித்தவர்கள் தாங்களே என்று சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்திலே, இதே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு சபைகளும் 14 மாத காலம் மல்லுக்கட்டின. அந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், அவர்கள் முட்டி மோதிக் கடைசியில் எட்டிய இடத்தில், நமது தோட்டச் சட்டம் 1955-ஆம் ஆண்டிலேயே கால் வைத்துவிட்டது.

இங்கிலாந்தில் சைபர் மணி ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். தொழிலாளியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி வேலை என்ற இடத்தில் மட்டும் சைபர். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடாத வாரத்துக்குக் கூலி இல்லை. கூப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிய பிறகு 'இன்று வேண்டாம்' என்று சொன்னாலும் கேட்க வழியில்லை. முதியோரைப் பராமரிக்கும் பெண்கள், ஓட்டல் சிப்பந்திகள், சாமான் கிடங்குகளில் மூட்டை பிரிப்பவர்கள் என்று இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முன்பெல்லாம் வேலையும் கொடுக்காமல், வேறிடத்துக்குப் போகவும் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்த ஒரு நிபந்தனை செல்லாது என்று 2015-ல் சட்டம் வந்தது.  நியூஜிலாந்துக்காரர்கள் 2016-லேயே இந்த முறைக்குச் சட்டத்தால் தடை போட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

2024 ஜூலையில் இங்கிலாந்தில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அக்டோபர் 10-ஆம் தேதி தொழிலாளர் உரிமை மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அதிலே சைபர் மணிக்காரர்களுக்கு மூன்று காரியங்கள் சொல்லப்பட்டன. ஒருவன் சில வாரங்கள் வழக்கமாக எத்தனை மணி வேலை செய்கிறானோ, அத்தனை மணியை நிச்சயமாகக் கொடுக்கிறோம் என்று முதலாளி தாமே முன்வந்து ஒப்பந்தம் நீட்டவேண்டும். தொழிலாளிக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேலை நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். கடைசி நிமிஷத்தில் வேலையை ரத்துச் செய்தால் அதற்குப் பணம் கொடுக்கவேண்டும்.

மசோதா நேரே சட்டமாகிவிடவில்லை. பொதுமக்கள் சபையின் குழு ஒன்று 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தது. முதலாளிமார் சங்கங்களையும் தொழிற்சங்கங்களையும் அழைத்துச் சாட்சியம் கேட்டது. ஏஜென்சி வழியாக வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போனார்களே என்ற குறை எழுந்தது. அவர்களையும் பிறகு சேர்த்தார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவாவது குழு விசாரணை வேண்டும் என்போம். கண்டிராக்டர் ஆளை விட்டுவிட்டு எழுதப்படும் சட்டம் ஓட்டை வாளி என்பது தோட்டத்தில் இருக்கிற நமக்குத் தெரியாததா?

மார்ச் 2025-ல் மசோதா பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. அங்கேதான் முக்கியமான சண்டை. முதலாளி தாமே முன்வந்து கொடுக்கவேண்டும் என்பதைப் பிரபுக்கள் மாற்றினார்கள். தொழிலாளி கேட்கட்டும், கேட்டால் கொடுக்கட்டும் என்று திருத்தினார்கள். அவர்கள் சொன்ன காரணத்தையும் சொல்லிவிடுவோம். படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். குழந்தை வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். இவர்களுக்கு நிச்சயமான மணி வேண்டாம். சிறு கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தம் நீட்டிக்கொண்டிருக்க முடியுமா என்றார்கள். முழுவதும் தள்ளிவிடக்கூடிய பேச்சென்று நாம் சொல்லமாட்டோம். வேண்டாதவர் வேண்டாமென்று சொல்லத்தான் மசோதாவிலேயே இடமிருந்ததே!

பார்ப்பதற்குச் சிறிய மாற்றம். கொடுப்பதா, கேட்டு வாங்குவதா? பெரட்டில் நின்று பழகியவர்களுக்கு அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். அடுத்த வாரம் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்துகொண்டிருக்கிற ஒரு பெண், அதே மேலாளரிடம் போய் 'எனக்கு நிச்சயமான மணி கொடு' என்று எப்படிக் கேட்பாள்? கேட்டவள் பெயர் அடுத்த வாரப் பட்டியலில் இருக்காது. அவளுக்கு ஒருவரும் வேலைநீக்கக் கடிதம் கொடுக்கப்போவதில்லை. கூப்பிடாமல் விட்டால் போதும்.

செப்டம்பர் 2025-ல் பொதுமக்கள் சபை அந்தத் திருத்தத்தைத் தள்ளியது. பிரபுக்கள் மறுபடி அனுப்பினார்கள். இப்படி அங்கும் இங்கும் பல தடவை போய்வந்தது. அரசாங்கம் வேறோர் இடத்தில் இறங்கி வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அநியாய நீக்கத்துக்கு எதிராகப் பாதுகாப்பு என்றிருந்ததை ஆறு மாதத்துக்குப் பிறகு என்று ஆக்கிக்கொண்டது. நமக்கு அது வருத்தந்தான். ஆனால் மணி விஷயத்தில், முதலாளியே முன்வந்து கொடுக்கவேண்டும் என்பது நிலைத்தது. 2025 டிசம்பர் 18-ஆம் தேதி சட்டமாயிற்று. எத்தனை மணிக்குக் குறைந்தால் குறைந்த மணி, எத்தனை வாரத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பது என்பவற்றையெல்லாம் பின்னால் வரும் விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். உயிர்நாடியை விதிகளுக்கு விட்டுவிட்டார்களே என்று சபையிலேயே குறை சொன்னார்கள். நாமும் அதைத்தான் சொல்வோம்.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

தீபகற்பத்தில் உள்ள நம்மை ஆளுகிற 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் தேதி, சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்பு, அமலுக்கு வந்தது. அதன் 16-ஆவது பிரிவை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? தோட்டத்தில் விவசாய வேலையில், வேலை செய்த நாட்கணக்குப்படி கூலி வாங்கும் தொழிலாளிக்கு, மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் அவனுடைய சக்திக்கு ஏற்ற வேலையை முதலாளி கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்க முடியவில்லை என்றாலும், கொடுக்கத் தவறினாலும், தொழிலாளி வேலை செய்ய விருப்பத்தோடும் உடல் தகுதியோடும் இருந்த நாட்களுக்கு, வேலை செய்திருந்தால் என்ன கூலியோ அதே கூலியைக் கொடுக்கவேண்டும். ஒரு வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆகவே கடைசி வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு இழுத்து 24-ஐ நிரப்பிவிட்டோம் என்று நிர்வாகம் கணக்குக் காட்ட முடியாது.

கவனித்தீர்களா? தொழிலாளி கேட்கவேண்டும் என்று அந்தப் பிரிவில் ஓர் எழுத்தும் இல்லை. மழை பெய்தது, மரம் இலை உதிர்த்தது, செம்பனையில் குலை குறைந்தது. எல்லாம் முதலாளியின் பாடு. கித்தா மரம் நின்ற காலத்தில் எழுதிய சட்டம், இந்தத் தீவெங்கும் செம்பனை நிற்கிற இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

நின்றால் மட்டும் போதுமா? கிராணி வேலை பார்க்கிற நாங்கள் ஒன்று சொல்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். அந்தப் பிரிவின் உயிர் 'விருப்பத்தோடும் தகுதியோடும்' என்ற இரண்டு வார்த்தைகளில் இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலை மழை. பெரட்டுக்கு வந்து நின்ற ஆளை மண்டோர் 'போய்ப் படு' என்று அனுப்பிவிடுகிறார். அன்றைய கட்டத்தில் 'மழை, வேலை இல்லை' என்று எழுதினால் அது முதலாளி கொடுக்கத் தவறிய நாள். 'வரவில்லை' என்று எழுதினால் தொழிலாளி விருப்பமில்லாமல் நின்ற நாள். ஒரே நாள், ஒரே மழை. பேனா எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் கூலி. தகராறு வந்தால் தொழில் இலாகாவின் தலைமை இயக்குநர் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அவர் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்? எழுத்தைப் பார்த்து. நம் கையில் எழுத்து இல்லையென்றால் நிர்வாகத்தின் எழுத்து மட்டுந்தான் அங்கே பேசும்.

அடுத்து, 24 என்ற எண். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யும் நாட்கூலிக்காரருக்கு அது 65 வெள்ளி 38 காசு. இதை 26-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,699 வெள்ளி 88 காசு. 24-ஆல் பெருக்கினால் 1,569 வெள்ளி 12 காசுதான். சட்டம் நிச்சயப்படுத்துகிற நாளுக்கும், சட்டம் சொல்கிற மாதச் சம்பளத்துக்கும் நடுவே 130 வெள்ளி விழுந்து கிடக்கிறது. எடைக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்காவது மாதத்துக்கு 1,700 வெள்ளிக்குக் குறையக்கூடாது என்று சம்பள ஆணை சொல்கிறது. நாட்கூலிக்காரரின் இரண்டு நாளைத்தான் ஒருவரும் காக்கவில்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் 1990-ல் வேலைநிறுத்தம் செய்ததற்கு அடிப்படையே இதுதான்.

கண்டிராக்டர் ஆட்களின் கதை இன்னும் மோசம். 24 நாள் கேட்டால், 'நீ தோட்டத்து ஆள் இல்லை, அவனிடம் கேள்' என்பார்கள். அவனைத் தேடினால் ஆள் இருக்கமாட்டான். இதற்கும் 33-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. கண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால், வேலையை வாங்கிய மேல்முதலாளியும் சேர்ந்து பொறுப்பு. ஆனால் தொடர்ந்தாற்போல மூன்று மாதக் கூலிக்கு மேல் இல்லை. கூலி கொடுக்கவேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்கைத் தொடங்கிவிடவேண்டும். தொண்ணூறு நாளை மறந்துவிடாதீர்கள். இந்தோனேசியத் தோழர்களுக்கும், வங்காளதேசத் தோழர்களுக்கும் சொல்லுங்கள். சட்டம் தொழிலாளியின் பாஸ்போர்ட் நிறத்தைப் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில், வேலைக்கென்று அழைத்துவரப்பட்டு வேலையே கொடுக்கப்படாத 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் போலீசில் புகார் செய்ய நடந்து போனார்கள். வழியிலேயே அவர்களைப் பிடித்துத் தடுப்பில் வைத்தார்கள். சைபர் மணி ஒப்பந்தத்தைப் பார்க்க இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளையும் பாருங்கள். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் போன பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆர்டர் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. பாட்டன் செக்ரோலில் இருந்த 24 நாள் பேரனின் கைத்தொலைபேசியில் இல்லை. இவர்களுக்காக நம் பாராளுமன்றம் 2025-ல் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டு 25-ஆம் தேதி மக்களவைக்கு வந்தது, 28-ஆம் தேதி நிறைவேறியது. முன்னரே பல தரப்பாரோடும் கலந்து பேசினோம் என்று அமைச்சு சொன்னது; அதை நாம் மறுக்கவில்லை. சொக்சோ பாதுகாப்பு, தகராறு தீர்க்க நடுவர் மன்றம், காரணமில்லாமல் கணக்கை முடக்கக்கூடாது என்பவையெல்லாம் வரவேற்கவேண்டியவை. பன்னிரண்டு லட்சம் பேருக்கு அதனால் நன்மை. ஆனால் மாதத்துக்கு, வாரத்துக்கு இவ்வளவு வேலை நிச்சயம் என்று அதிலே ஒரு வரியும் கிடையாது. அந்த ஒரு வரிக்காகத்தான் இலண்டனில் 14 மாதம் சண்டை நடந்தது. இங்கே மக்களவையில் நான்கு நாளில் முடிந்த காரியத்தில் அதைக் கேட்க ஒருவருக்கும் நேரம் போதாது.

ஆகவே கோல லங்காட் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம். 16-ஆவது பிரிவில் 24 என்பதை 26 ஆக்கவேண்டும். நாட்கூலிக்காரரின் மாத வருமானம் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகாதபடி எழுதவேண்டும். கண்டிராக்டர் ஆட்களையும், தோட்டத்துக்கு வெளியே துப்புரவு வேலையிலும் காவல் வேலையிலும் இருப்பவர்களையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டுவரவேண்டும். இப்படி ஒரு திருத்தம் வரும்பொழுது சபையின் தேர்வுக்குழு ஒன்று தோட்டத்துக்கே வந்து சாட்சியம் கேட்கவேண்டும். கட்சி எதுவென்று நாம் பார்க்கவில்லை. யார் உறுப்பினராக இருந்தாலும் கேட்போம்.

கடிதத்தோடு வெறும் கையெழுத்தை மட்டும் அனுப்பினால் போதாது. வாசல் மேசையில் சின்ன நோட்டுகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, பெரட்டுக்கு வந்த நேரம், வேலை கொடுத்தார்களா, கொடுக்காவிட்டால் என்ன காரணம் சொன்னார்கள் என்று அன்றன்றைக்கே எழுதவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் மாலையில் பெயரைச் சொன்னால் நாங்கள் எழுதித் தருகிறோம். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டையும் கொண்டுவாருங்கள், நோட்டோடு ஒத்துப் பார்ப்போம். இப்பொழுது செயலாளர் அந்தக் கடிதத்தை வாசிப்பார்.